பூட்டைத் திறந்த பெயர்

பிப்ரவரி 9, ஞாயிறு

காலையில் ஆராதனைக்குப் போனால் ஜெபவீட்டுக் கதவில் எங்கள் பூட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு பூட்டு தொங்குகிறது. எங்களுடையது சின்னது, மழையில் நனைந்து கறுத்தது. அது புதுசு. இங்கே மதம் மாற்றுகிறார்கள் என்று தெற்குத் தெருக்காரர்கள் சிலர் மனு கொடுத்திருக்கிறார்களாம். பேச்சுவார்த்தை முடியும்வரை யாரும் கூடக் கூடாது என்று காவலர் ஒருவர் வந்து சொன்னார். மரியாதையாகத்தான் சொன்னார். அவருக்கும் ஞாயிற்றுக்கிழமை, பாவம்.

முப்பது குடும்பமும் வேதப்புத்தகத்தை மார்போடு பிடித்துக்கொண்டு ரோட்டில் நின்றோம். பஸ்ஸில் போகிறவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். மூப்பர் ஜெபமணி, இது கடைசிக் காலத்தின் அடையாளம் என்று ஆரம்பித்தார். அவருக்குக் கரண்ட் போனாலும் கடைசிக் காலம்தான்.

இவர் மட்டும் கதவருகே போனார். ஊருக்கு பாஸ்டர் ஆசீர், எனக்கு இவர். கொத்தனாருக்குக் கூலி கொடுக்க வழியில்லாத நாளில் தானே சிமெண்ட் குழைத்து அந்தச் சுவரை எழுப்பியவர். புதுப் பூட்டை ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டு வீட்டைப் பார்த்து நடந்தார். அவர் முதுகைப் பார்த்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. வீட்டுக்கு வந்து இட்லிக்கு ஊறப்போட்டேன். அழுகைக்குத் தனியாக நேரம் ஒதுக்கும் வசதி பாஸ்டர் மனைவிக்குக் கிடையாது.

பிப்ரவரி 11, செவ்வாய்

ஜெபவீட்டைப் பூட்டினாலும் தையல் வகுப்பைப் பூட்டவில்லை. செவ்வாயும் வெள்ளியும் என் வீட்டு முன்னறையில் ஐந்தாறு பெண்கள் ஜாக்கெட் வெட்டப் பழகுகிறார்கள். இன்றும் வந்தார்கள். வேல்மயிலும் வந்தாள்.

வேல்மயிலைப் பற்றி இந்த நோட்டில்கூட அதிகம் எழுதியதில்லை. தெற்குத் தெருவில் வாழ்க்கைப்பட்ட பெண். புருஷன் திருப்பூரில் கட்டிங் மாஸ்டர், மாதத்துக்கு இரண்டு தடவை வருகிறவன். தையல் பழக வந்தவள், நான் மெஷின் மிதித்துக்கொண்டே பாடுவதைக் கேட்டு ஒருநாள், "அம்மா, இது யாரப் பத்தின பாட்டு?" என்று கேட்டாள். சொன்னேன். அதற்குப் பிறகு அவள்தான் கேட்டாள், நான் பதில் மட்டும் சொன்னேன். இப்போது மற்றவர்கள் போன பிறகு கொஞ்ச நேரம் இருந்து ஜெபித்துவிட்டுப் போகிறாள். கண்ணை மூட மாட்டாள். கால் மெஷினை மிதித்துக்கொண்டே இருக்கும், உதடு மட்டும் அசையும். வெளியிலிருந்து பார்த்தால் தைக்கிறாள்.

அவள் வீட்டில் தெரிந்தால் வீடும் போகும், கனிஷ்காவும் போவாள். கனிஷ்கா அவள் மகள், யூகேஜி படிக்கிறது. அதனால்தான் ஞானஸ்நானத்தைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை.

இன்று அவள் முகம் சரியில்லை. "அம்மா, எங்க கொழுந்தன் பேரும் அந்த மனுவுல இருக்கு. நான் இனிமே வரக்கூடாதோ?"

"வராம இருந்தாத்தான் சந்தேகம் வரும். எப்பவும் போல வா."

தைரியமாகச் சொல்லிவிட்டேன். அவள் மகளுக்குப் பாவாடை தைக்கிறாள், பள்ளிக்கூட ஆண்டுவிழாவுக்கு. மாம்பழ மஞ்சள், பச்சைக் கரை. "ஓரத்துல நெறைய மடிச்சு விடுதேன்மா. வளர வளரப் பிரிச்சு விடலாம்லா" என்றாள்.

அவள் விஷயம் எனக்கும் இவருக்கும்தான் தெரியும். புருஷனிடம் மறைத்து என்ன ஊழியம்? தவிர, இவரிடம் ஒன்றைச் சொன்னால் கிணற்றில் போட்ட கல்.

பிப்ரவரி 13, வியாழன்

தண்ணீர் வரவில்லை. கேஸும் தீர்ந்தது. மூப்பர் சொன்ன கடைசிக் காலம் இதுதானோ என்னவோ.

பிப்ரவரி 16, ஞாயிறு

சபையை மூன்றாகப் பிரித்து மூன்று வீடுகளில் கூடினோம். எங்கள் வீட்டுக்குப் பத்துக் குடும்பம். சத்தம் வெளியே போகக் கூடாது என்று கஞ்சிராவைப் பரணில் போட்டாயிற்று, கைதட்டவும் இல்லை. உப்பில்லாத சோறு மாதிரி இருந்தது பாட்டு. ஆனாலும் முணுமுணுத்துப் பாடும்போதுதான் வார்த்தைகள் காதில் விழுகின்றன. இத்தனை வருஷம் என்னதான் பாடினோம் என்று இன்றைக்குத்தான் கேட்டேன்.

லில்லிபாய் அக்கா ஜெபித்தாள். அங்கன்வாடியில் ஆயாவாக இருந்து ஓய்வு பெற்றவள். அவள் ஜெபம் எப்போதும் முகவரியோடுதான் பரலோகத்துக்குப் போகும். "மேலத்தெரு, பால்பண்ணைக்கு எதுத்த வீடு, தங்கராஜ் மகன் சுந்தர், விட்ட குடிய மறுபடி தொட்டுட்டான் ஆண்டவரே!" சுந்தர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான். பிள்ளையில்லாதவள், வேலை போனவன், மாமியாரோடு முகம் கொடுத்துப் பேசாதவள் என்று எங்கள் சபையில் ஒருவர் விஷயம் இன்னொருவருக்குத் தெரிந்தது எல்லாம் லில்லிபாய் அக்காவின் ஜெபத்தில்தான். கெட்ட எண்ணம் கிடையாது. பெயர் சொல்லிக் கேட்டால்தான் ஆண்டவர் பெயர் பார்த்துக் கொடுப்பார் என்று நினைக்கிறாள்.

காபி போடும்போது என் வாய் சும்மா இருக்காமல், "அக்கா, ஒரு பிள்ளைக்காக ஜெபிக்கணும். பேரு சொல்ல மாட்டேன்" என்றேன்.

அவள் டம்ளரைத் துடைத்துக்கொண்டே, "சொல்லாண்டாம். ஆண்டவருக்குத் தெரியும்லா" என்றாள்.

ஆச்சரியமாக இருந்தது. ஆனாலும் இவ்வளவுகூடச் சொல்லியிருக்கக் கூடாது என்று பிறகு உறுத்தியது.

பிப்ரவரி 20, வியாழன்

சாவி வந்துவிட்டது! ஸ்தோத்திரம்!

தாலுகா அலுவலகத்தில் பேச்சுவார்த்தைக்கு இவரும் மூப்பரும் போனார்கள். மத்தியானம் மூன்று மணிக்குத் திரும்பினார்கள். மூப்பர் வாசலில் நின்றே கதை சொன்னார். "உள்ள பேசினது கொஞ்ச நேரம்தாம்மா, அதுல ஒண்ணும் முடியல. வெளிய வந்து டீக்கடையில பாஸ்டரு அந்த ஆளுங்ககூடத் தனியா உக்காந்து பேசினாரு பாருங்க, என்ன ஞானம்! நான் அந்தப் பக்கம் வடை தின்னுட்டிருந்தேன். திரும்பிப் பாக்குதேன், கைகுலுக்குதாங்க. மனுவ வாபஸ் வாங்கிட்டாங்க."

இவரிடம் கேட்டேன், என்னதான் பேசினீர்கள் என்று. "ஸ்பீக்கர் வெளிய வைக்கக் கூடாது. புது ஆளுகளச் சேக்கக் கூடாது. அவ்வளவுதான்" என்றார்.

"வேற ஒண்ணும் கேக்கலையா?"

"வேற என்ன கேப்பாங்க?"

பிடித்த வெண்டைக்காய்ப் புளிக்குழம்பு வைத்திருந்தேன். தொடவில்லை. நேராகக் குளிக்கப் போய்விட்டார். மூன்று மணிக்கு யார் குளிப்பார்கள்? வெயில் அப்படி.

பிப்ரவரி 21, வெள்ளி

பெண்கள் எல்லாரும் சேர்ந்து ஜெபவீட்டைக் கழுவினோம். பூட்டிக்கிடந்த இடத்தில் புறா முட்டை வைத்திருந்தது. முட்டையை அப்படியே ஜன்னல் மேட்டுக்கு மாற்றி வைத்தாள் லில்லிபாய் அக்கா. தையல் வகுப்பு இல்லை. வேல்மயில் வந்து, கதவு பூட்டியிருப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாளாம்.

பிப்ரவரி 23, ஞாயிறு

கை வலிக்கத் தட்டினோம். சுந்தர் குடிக்காமல் வந்து கஞ்சிரா அடித்தான். சாட்சி நேரத்தில் ஒவ்வொருவராக எழுந்து, ஆண்டவர் சிங்கத்தின் வாயைக் கட்டினார் என்றார்கள்.

இவர் நல்ல மேய்ப்பனைப் பற்றிப் பேச ஆரம்பித்து, தொலைந்துபோன ஒரே ஒரு ஆடு வரைக்கும் வந்தவர், சட்டென்று வேறு பகுதிக்குத் தாவிவிட்டார். இவர் பாதியில் தாவி நான் பார்த்ததே இல்லை. சரியான தூக்கமில்லை, அதுதான்.

பிப்ரவரி 25, செவ்வாய்

எழுத்து கோணுகிறது.

வேல்மயில் வரவில்லை. அவள் தெருவிலிருந்து வருகிற முத்துச்செல்வி சொன்னாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கொழுந்தனும் மாமியாரும் உட்கார வைத்துக் கேட்டிருக்கிறார்கள். "பாஸ்டரம்மா வீட்டுக்குத் தைக்கப் போறியா, ஜெபிக்கப் போறியா?" இவள் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "ரெண்டுக்கும்தான்" என்றிருக்கிறாள். சனிக்கிழமை புருஷன் திருப்பூரிலிருந்து வந்து அவளைத் தாய்வீட்டில், ஊத்தாங்குளத்தில், கொண்டுபோய் விட்டுவிட்டான். கனிஷ்காவை விடவில்லை. பிள்ளை பஸ்நிறுத்தம்வரைக்கும் அழுதுகொண்டே பின்னால் ஓடினதாம்.

"யாருக்கா சொல்லிக்குடுத்திருப்பா? அவ என்கிட்டகூடச் சொன்னதில்லையே" என்று முத்துச்செல்வி கேட்டாள்.

யார் சொல்லியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். ஊரெல்லாம் முகவரி சொல்லி ஜெபிக்கிறவள் ஒருத்திதானே இருக்கிறாள். நான் பெயர் சொல்லாவிட்டால் என்ன, இந்த வீட்டுக்கு யார் யார் வருகிறார்கள் என்று பார்க்க அவளுக்குக் கண் இல்லையா? பாவாடை என் மெஷின் மேல் கிடக்கிறது. ஒரு பக்கத்து ஓரம் இன்னும் மடிக்கவில்லை.

பிப்ரவரி 26, புதன்

பெண்கள் ஜெபக்கூட்டத்தில் எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டேன். "லில்லிபாயக்கா, இனிமே நீங்க வாயத் தொறந்து ஜெபிக்க வேண்டாம். ஒங்க ஜெபம் ஒரு குடியக் கெடுத்துட்டு."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு, "சரிம்மா" என்றாள். பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அந்த "சரிம்மா"தான் என்னை இன்னும் எரித்தது. மடியில் கனமில்லாதவள் என்றால் சண்டைக்கு வந்திருக்க மாட்டாளா? இவரிடம் வந்து கொட்டினேன். இவர் நாற்காலியைப் பார்த்துக்கொண்டே, "விடு நவமணி. யாரு சொன்னா என்ன? நடந்தது நடந்துபோச்சு" என்றார்.

எப்படித்தான் இவரால் இப்படி மன்னிக்க முடிகிறதோ. எனக்கு அந்தக் கிருபை இல்லை.

மார்ச் 2, ஞாயிறு

முதல் ஞாயிறு, திருவிருந்து. எங்கள் சபையில் அப்பம் சுடுவது பாஸ்டர் மனைவியின் வேலை. மைதாவைப் புளிக்க விடாமல் பிசைந்து, தோசைக்கல்லில் சிவக்காமல் சுட வேண்டும். பன்னீர் திராட்சையைச் சனிக்கிழமையே காய்ச்சி ஆற வைத்தேன். பிசையும்போது பாடுவேன். இந்த முறை பாட்டு வரவில்லை.

அப்பத்தைப் பிட்குமுன் இவர் எப்போதும் ஒன்று சொல்வார்: யார் மேலாவது மனத்தாங்கல் இருந்தால், உன்னால் யாருக்காவது தீங்கு நடந்திருந்தால், முதலில் எழுந்து போ, ஒப்புரவாகிவிட்டு வா, அப்பம் காத்திருக்கும். அப்படிச் சொல்லி, ஆராதனையின் நடுவே எழுந்துபோன அண்ணன் தம்பிகள் உண்டு. இன்று அதைச் சொல்லவில்லை. மறந்துவிட்டார்.

தட்டு வந்தபோது லில்லிபாய் அக்கா எடுக்காமல் அடுத்தவளுக்கு நகர்த்தினாள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று நினைத்துக்கொண்டேன். நான் எடுத்தேன். மனசு நிறையக் கோபத்தை வைத்துக்கொண்டு எடுத்தேன். தட்டை எனக்கு நீட்டும்போது இவர் பிடி தவறி ஒரு துணுக்கு கீழே விழுந்தது.

மார்ச் 9, ஞாயிறு

ஊத்தாங்குளம் போய் வேல்மயிலைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றேன். இவர் கத்தினார். கல்யாணமான நாளிலிருந்து இவர் என்னைப் பார்த்துக் கத்தியதில்லை. "நீ போனா மறுபடியும் பூட்டு விழும்! முப்பது குடும்பம் ரோட்டுல நிக்கணுமா?"

போகவில்லை. போதகர் என்றால் எல்லாரையும் பார்க்க வேண்டுமே. அவர் சுமக்கிற பாரம் எனக்கு என்ன தெரியும்? இப்படி எழுதிவிட்டேன். எழுதிய பிறகும் மனசு ஆறவில்லை.

மார்ச் 13, வியாழன்

இவர் சரியாகச் சாப்பிடுவதில்லை. சுகர் பார்க்கச் சொன்னேன். பார்த்தார். நார்மல்.

மார்ச் 18, செவ்வாய்

மூப்பர் வந்தார். ஏப்ரல் முதல் ஞாயிறு ஸ்தோத்திர ஆராதனையும் அசன விருந்தும் வைக்க வேண்டுமாம், ஜெபவீடு திரும்பக் கிடைத்ததற்கு. ஆட்டுக்கறியா கோழியா என்று அரைமணி நேரம் பேசினார். "எதுக்குங்க இப்ப?" என்றார் இவர். "என்ன பாஸ்டர் இப்படிக் கேக்கீங்க? ஒங்க ஞானத்துக்குத்தான் விருந்தே" என்று சிரித்தார் மூப்பர்.

அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே பாவாடையின் மிச்ச ஓரத்தை நான் மடித்துத் தைத்து முடித்தேன். அவள் விட்டிருந்த அளவுக்கே விட்டேன். வெள்ளிக்கிழமை பள்ளிக்கூட ஆண்டுவிழா. நேரே கொண்டுபோய்க் கொடுத்துவிட வேண்டியதுதான். அந்த வீட்டில் என்னைச் செருப்பால் அடித்தாலும் சரி. பிள்ளையைத் தாயோடு விடுங்கள் என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வருவேன். இவரிடம் சொல்லப்போவதில்லை.

மார்ச் 20, வியாழன்

எழுதிவிட வேண்டும். எழுதாவிட்டால் நானே நம்ப மாட்டேன்.

காலை பதினோரு மணிக்குத் தெற்குத் தெருவுக்குப் போனேன். வேல்மயிலின் மாமியார் பேச்சியம்மாள் வாசலில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். திட்டுவாள் என்று பார்த்தால், முறத்தை வைத்துவிட்டு எழுந்தாள்.

"வாங்கம்மா. பாஸ்டரு வீட்டம்மாதான? உள்ள வாங்க, வெயில்ல நிக்காதீங்க."

தண்ணீர் கொடுத்தாள். பாவாடையைக் கொடுத்தேன். விரித்துப் பார்த்து, "நல்லாத் தச்சிருக்கா" என்றாள். கண் கலங்கினாளோ என்னவோ, முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் துணிந்து, "அம்மா, அவ ஒரு தப்பும் பண்ணல. பிள்ளைய மட்டும் தாய்கிட்ட விடுங்க. யாரோ வம்புக்குச் சொன்னதக் கேட்டு..." என்று ஆரம்பித்தேன்.

"யாரோ இல்லையேம்மா" என்றாள் பேச்சியம்மாள். அவள் குரலில் குத்தல் எதுவும் இல்லை. "ஒங்க வீட்டுக்காரருதான சொன்னாரு? டீக்கடையில வச்சு எம்மவன்கிட்ட. எங்க ஆளுக யாரு வாராங்கன்னு பேரச் சொல்லுங்க, மனுவத் திருப்பி வாங்கிக்கிடுதோம்னு இவன் கேட்டிருக்கான். ஒரே ஒரு பிள்ளைதான், இன்னாருன்னு மறைக்காமச் சொல்லிட்டாரு. இனிமே வந்தா நாங்களே சேக்க மாட்டோம்னு கையும் குடுத்தாராம். நல்ல மனுஷன்மா. வேற ஆளுன்னா பொய் சொல்லிருப்பான். அவரு சொல்லலைன்னா எங்களுக்கு எங்க தெரியப்போவுது?"

டம்ளரைக் கீழே வைத்தேன். நல்ல மனுஷன். இந்த ஊரில் இவரைப் பற்றி அந்தத் தெரு சொன்ன முதல் நல்ல வார்த்தை.

எப்படி வீட்டுக்கு வந்தேன் என்று தெரியவில்லை. இவர் சபைக்காரர் வீட்டுக்கு ஜெபிக்கப் போயிருந்தார்.

மார்ச் 21, வெள்ளி

முருங்கைக்கீரை ஆய்ந்தேன். மோர் கடைந்தேன். இவர் சட்டைக்குப் பொத்தான் தைத்தேன்.

சாயங்காலம் பள்ளிக்கூட வாசலில் ஓரமாக நின்றேன். கனிஷ்கா மஞ்சள் பாவாடையில் போனாள், பாட்டி கையைப் பிடித்துக்கொண்டு.

மார்ச் 24, திங்கள்

மூன்று நாள் பொறுத்தேன், தானாகச் சொல்வார் என்று. சொல்லவில்லை. காலையில் காபி டம்ளரை வைத்துவிட்டுக் கேட்டேன். "வேல்மயில் பேரச் சொன்னது நீங்கதானா?"

மறுக்கவில்லை. அந்த அளவுக்கு உண்மை மிச்சமிருக்கிறது. டம்ளரை உருட்டிக்கொண்டே, "கூப்புட்டுப் புத்தி சொல்லுவாங்க, அவ்வளவுதான் நடக்கும்னு நெனச்சேன். பிள்ளையப் பிரிப்பாங்கன்னு தெரியாது" என்றார்.

"தெரிஞ்சதும் ஏன் சொல்லல? நான் லில்லிபாயக்காவ நாக்கப் புடுங்குத மாதிரி கேட்டேனே, அப்பக்கூட நாற்காலியப் பாத்துட்டு உக்காந்திருந்தீங்களே!"

"முப்பது குடும்பம் நவமணி. பதினெட்டு வருஷம். அந்தக் கட்டடம் போச்சுன்னா சபை செதறிப்போகும். ஒருத்திய நெனைக்கதா, எல்லாரையும் நெனைக்கதா?"

எல்லாரும் கெட்டுப்போவதைவிட ஒருத்தர் போவது நல்லது. இந்தக் கணக்கு வேதத்தில் வருகிறது. சொன்னது சீஷன் இல்லை, இயேசுவைக் கொல்ல யோசனை சொன்ன பிரதான ஆசாரியன். அதை அவர் முகத்துக்கு நேரே சொன்னேன். அவர் முகம் செத்துவிட்டது. எனக்கு இரக்கம் வரவில்லை.

எனக்கு நெஞ்சைப் பிளப்பது எது தெரியுமா? அந்த டீக்கடையில் அவருக்குச் சொல்ல ஒரே ஒரு பெயர்தான் இருந்தது. அது என் வாயிலிருந்து அவருக்குப் போன பெயர். என்னையும் கேட்காமல், என் விசுவாசத்தை எடுத்து விலை பேசிவிட்டார். மனு கொடுத்தவர்கள் எனக்கு ஒன்றும் செய்யவில்லை. அவர்கள் பூட்டு போட்டார்கள், அவ்வளவுதான். என் வீட்டுக்காரர்தான் என்னைக் காட்டிக்கொடுத்தார்.

மார்ச் 27, வியாழன்

லில்லிபாய் அக்கா வீட்டுக்குப் போனேன். கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தாள். காலில் விழப்போனேன், தோளைப் பிடித்து நிறுத்தினாள்.

"ஏளா, விடு. கருவாட்ட மிதிச்சிராத."

"அக்கா, நான் ஒங்கள..."

"எனக்குத் தெரியும். அந்தப் பிள்ளையப் பத்தியும் ரொம்ப நாளாத் தெரியும். ஒருநா ஒன் வீட்டுக்கு ஊசி கேக்க வந்தேன். அவ மெஷின மிதிக்கா, துணியே இல்லாம! உதடு மட்டும் அசையுது. வாசல்லயே திரும்பிட்டேன்."

"பின்ன ஏன் ஒரு நாளும் அவ பேரச் சொல்லி ஜெபிக்கல?"

"எதச் சொல்லணும் எதச் சொல்லக் கூடாதுன்னு எனக்குத் தெரியாதாக்கும்? சுந்தர் குடிக்கது ஊருக்கே தெரியும். இவ விஷயம் ஆண்டவருக்கு மட்டும் தெரிஞ்சாப் போதும்."

நான் அழுதேன். ஏன் அன்றைக்குச் சண்டை போடவில்லை என்று கேட்டேன். அக்கா கொஞ்ச நேரம் கருவாட்டைத் திருப்பிப் போட்டாள்.

"நான் இல்லைன்னு சொன்னா, அப்ப வேற யாருன்னு நீ தேடிருப்ப. தேடினா எங்க போயி நிப்பன்னு எனக்குத் தெரிஞ்சுது, நீயுமில்ல நானுமில்லன்னா மிச்சம் யாரு? ஒன் வீடு ஒடையாண்டாம்னுதான் சரின்னு சொன்னேன். அதுவும் தப்போ என்னவோ, போ."

அவள் கொடுத்த சுக்குக்காபியைக் குடித்துவிட்டு வந்தேன். முகவரி சொல்லி ஜெபித்தவள் வாயை மூடிக்கொண்டிருந்தாள். கிணற்றில் போட்ட கல் மிதந்து டீக்கடைக்குப் போனது.

ஏப்ரல் 5, சனி

திராட்சை காய்ச்சினேன். மாவு பிசைந்தேன். ஜெபவீட்டின் பின்னால் இரண்டு ஆடு கட்டியிருக்கிறது, நாளைய அசனத்துக்கு. இவர் சமையலறை வாசலில் வந்து நின்று, நான் அப்பம் சுடுவதைப் பார்த்தார். சமாதானமாகிவிட்டேன் என்று நினைத்திருப்பார். "நவமணி" என்றார். கல்லில் இருந்ததைத் திருப்பிப் போட்டேன். போய்விட்டார்.

ஏப்ரல் 6, ஞாயிறு

முதல் பஸ்ஸுக்கு லில்லிபாய் அக்கா தயாராக நின்றாள். அப்பம் என் கூடையில், வெள்ளைத் துணியில் சுற்றி. திராட்சரசம் அக்காவின் பிளாஸ்கில். ஜெபவீட்டு மேஜைக்கு ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை.

ஊத்தாங்குளத்தில் வேல்மயில் குளத்தங்கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்தாள். பக்கத்தில் வரவில்லை.

"எதுக்கு வந்தீங்க?"

கூடையைக் கீழே வைத்தேன். அவளே பேசினாள். "ஐயா சொன்னாங்கன்னு கொழுந்தன் சொன்னப்ப நான் நம்பல. அப்புறம் யோசிச்சேன். ஐயாவுக்கு நீங்க சொல்லாம எப்படித் தெரியும்? நீங்களும் சேந்துதான்னு நெனச்சேன்."

"அவருகிட்டச் சொன்னது நான்தான். அவரு வெளிய சொன்னது எனக்குத் தெரியாது. ஆனா என்கிட்ட இருந்துதான் போச்சு, வேல்மயில்."

அவள் ஈரத்துணியைப் பிழிந்துகொண்டே நின்றாள். பிழிந்து தீர்ந்த பிறகும் பிழிந்தாள். பிறகு, "பாவாடையப் போட்டாளா?" என்று கேட்டாள்.

"போட்டா. கணுக்கால் வரைக்கும் சரியா நிக்கி. ஓரம் பிரிக்க இன்னும் ஒரு வருஷம் ஆகும்."

"பிரிக்கதுக்கு நான் இருப்பேனாம்மா அங்க?" என்று உடைந்துவிட்டாள். அந்த "அம்மா"வுக்கு நான் தகுதியில்லை. ஆனால் வாங்கிக்கொண்டேன்.

படித்துறையில் துணியை விரித்தோம். ஆசீர்வதிக்கப் பாஸ்டர் இல்லை. ஞானஸ்நானம் பெறாதவளுக்குக் கொடுக்கக் கூடாது என்பது சபைச் சட்டம், அது எனக்கு நன்றாகத் தெரியும். "ஆனா ஐயா ஒண்ணு சொல்லுவாங்கன்னு நீங்க சொல்லிருக்கீங்கள்ல, மனத்தாங்கல் இருந்தா எடுக்கக் கூடாதுன்னு. எனக்கு இருக்கும்மா. நெறைய இருக்கு" என்றாள் வேல்மயில். "எனக்கும்தான்" என்றேன். லில்லிபாய் அக்கா எங்கள் இருவரையும் பார்த்துவிட்டுத் தலையில் முக்காடு போட்டு ஜெபித்தாள். தெரு இல்லை, வீட்டு அடையாளம் இல்லை, ஒரு பெயர்கூட இல்லை. "ஆண்டவரே, நீர் பாத்தீரு. பாத்தீருல்லா" என்று மட்டும் சொன்னாள். பிறகு பிட்டுக் கொடுத்தாள். மூன்று பேரும் சாப்பிட்டோம். குளத்துத் தண்ணீரில் காற்று அடித்தது. எனக்குச் சமாதானம் வந்தது என்று எழுத ஆசை. வரவில்லை. பசி மட்டும் அடங்கியது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது இவர் வெள்ளை ஜிப்பாவைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். திருவிருந்து நடக்கவில்லை. பாஸ்டரம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிச் சமாளித்தாராம். ஜனங்கள் கறிச்சோறு சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

"அப்பம் எங்க நவமணி?"

"குடுக்க வேண்டிய எடத்துல குடுத்தாச்சு."

தலையைக் குனிந்துகொண்டார். நான் நின்றுகொண்டே சொன்னேன். "நீங்கதான் வருஷக்கணக்கா சொன்னீங்க, ஒன்னால ஒருத்தருக்குத் தீங்கு நடந்திருந்தா எழுந்து போ, ஒப்புரவாகிட்டு வா, அப்பம் காத்திருக்கும்னு. போங்க. ஊத்தாங்குளம் போயி அவ முன்னால நில்லுங்க. அப்புறம் தெற்குத் தெருவுல போயி, பிள்ளையத் தாயோட விடுங்கன்னு கேளுங்க. நீங்க நல்ல மனுஷன்னு அவங்க நம்புதாங்க, நீங்க கேட்டா கேப்பாங்க. போயிட்டு வந்தா நான் அப்பம் சுடுதேன்."

"போனா சாவியத் திருப்பிக் கேப்பாங்க."

"குடுத்துருங்க. சுவருதான."

ஆண்டவர் அந்த ராத்திரியில் காட்டிக்கொடுக்கிறவனுக்கும் தம் கையாலேயே துணுக்குக் கொடுத்தார் என்று வாசித்திருக்கிறேன். கூடையில் ஒரு துண்டு மிச்சமிருந்தது. எடுத்து அவருக்குக் கொடுக்கக் கை வரவில்லை. அடுத்த மாதம்வரைக்கும் பார்ப்பேன்.

ஏப்ரல் 20, ஞாயிறு

ஈஸ்டர். உயிர்த்தெழுதல் பிரசங்கம் நன்றாக இருந்தது என்றார்கள். நான் கடைசி வரிசையில், லில்லிபாய் அக்கா பக்கத்தில் இருந்தேன். இவர் இன்னும் போகவில்லை.

மே 4, ஞாயிறு

முதல் ஞாயிறு. இவர் விடிந்ததும் கடைத்தெருவுக்குப் போனார். பஸ்நிறுத்தமும் அந்தப் பக்கம்தான். ஊத்தாங்குளம் பஸ் ஏறப்போகிறார் என்று நினைத்து அவசரமாக மாவை எடுத்துப் பிசைந்தேன். பாட்டுக்கூட வந்தது. அரைமணி நேரத்தில் திரும்பி வந்தார், கையில் பேக்கரி ரொட்டி. மேஜையில் வைத்து, காகிதத்தைப் பிரித்து, துண்டு துண்டாக நறுக்கித் தட்டில் அடுக்கினார். என்னைப் பார்க்கவே இல்லை. தட்டை மூடி எடுத்துக்கொண்டு ஆராதனைக்குப் போனார்.

நான் பிசைந்ததைச் சுட்டுத் துணியில் சுற்றிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனேன். லில்லிபாய் அக்கா எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தாள்.